ஏழில் இறங்கிய கோடு

ஜனவரி 8, திங்கள்

பேனா நன்றாக எழுதுகிறது. நான்தான் மெதுவாக எழுதுகிறேன்.

என் பெயர் பொன்னுரங்கம். வயது அறுபத்தெட்டு. பெயரை எழுதிவிட்டு நானே அதைப் படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. ஒன்றரை வருடம் மாநகராட்சிப் பள்ளியில் சாயந்திர வகுப்புக்குப் போனேன். டீச்சர் ஷகிலா பானு இந்த டைரியைக் கொடுத்து, "என்ன நடந்தாலும் எழுதுங்க, ஒரு வரியா இருந்தாலும் போதும்" என்றார். எனக்கு ஒரு வரி போதாது போலிருக்கிறது. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் முதல் நாளே நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் குளிர் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு வேலைக்கு நான்தான் வேண்டும். ஒன்று, திரவ ஹீலியத்தைச் சிந்தாமல் குடுவைக்கு மாற்றுவது. இன்னொன்று, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஊசி போன்ற படிகத்தில் ஒட்டுவது. படித்தவர்களுக்கு அங்கே கை நடுங்கும். எனக்கு நடுங்காது.

இன்று அமலோற்பவம் மேடம் உலையிலிருந்து குழாயை எடுத்து உடைத்தார். பேரியம், இரும்பு, கந்தகம் மூன்றையும் கண்ணாடிக் குழாயில் அடைத்து ஆயிரத்து நூறு டிகிரியில் வேக வைத்தது. ஈரக் காற்று பட்டதும் அழுகிய முட்டை நாற்றம். வாந்தி வந்தது. உள்ளே கறுப்பு ஊசிகள்.

மேடத்துக்கு நாற்பத்திரண்டு வயது. விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். டாக்டர் பட்டத்துக்காக மூன்று வருட லீவில் வந்தார். ஜூன் மாதத்தோடு லீவு முடிகிறது. இதுவரை சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மேடம் ஒரு தாளில் ஏணி வரைந்தார்.

"இரும்பு அணுவெல்லாம் இப்படி ஏணி மாதிரி நிக்குதுண்ணா. ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒரு படியில இருக்கிற ரெண்டும் ஒரே பக்கம் பார்க்கும். அடுத்த படி எதிர்ப் பக்கம் பார்க்கும்."

"மாமியாரும் மருமகளும் ஒரே வீட்ல இருக்கற மாதிரியா?"

"அதேதான். அவங்க இப்படி மொறைச்சிக்கிட்டு நிக்கிற வரைக்கும் மின்சாரம் சுகமா ஓடாது. வெளிநாட்டுல இந்த ஊசியைப் பயங்கரமா நசுக்கிப் பார்த்தாங்க. நசுக்கினதும் காந்தம் அடங்கிடுச்சு. தடையே இல்லாம மின்சாரம் ஓடுச்சு. அதுக்குப் பேர்தான் மீகடத்தல்."

"நம்மகிட்ட நசுக்கற மிஷின் இல்லியே மேடம்."

"அதான் சார் நசுக்காமலே வரும்னு சொல்றார். இரும்பைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சா வரும்னு."

சார் என்றால் பேராசிரியர் கருணாமூர்த்தி. அவர் வாயிலிருந்து 'வரும்' என்ற சொல்லை இருபது வருடமாகக் கேட்கிறேன். அவர் அதைச் சொல்லும்போது உதட்டோரத்தில் எச்சில் நுரைக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காது.

ஜனவரி 10, புதன்

இன்று கம்பி ஒட்டினேன். நான்கு கம்பி. வெளியே இரண்டும் மின்சாரம் அனுப்ப, உள்ளே இரண்டும் அளக்க. வெள்ளிப் பசையில் ஒட்ட வேண்டும். இரண்டு முறை விழுந்தது. மேடம் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாம் முறை நின்றது.

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தம்மாள் என் கையைப் பிடித்து முகர்ந்தாள். எனக்கு வாய்த்தவள் இப்படித்தான், எதையும் மோந்து பார்ப்பாள்.

"இன்னாய்யா கையெல்லாம் சாம்பிராணி நாத்தம்? ரேடியோ கடைல பத்த வெப்பானே, அந்த வாசனை."

"கம்னு கெட. சோத்தப் போடு."

இரண்டு முறை சோப்பு போட்டேன். போகவில்லை. கையை முகத்தருகே கொண்டு போனால் குமட்டுகிறது. கையாலே சாப்பிடாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். அவள் சிரித்தாள்.

ஜனவரி 12, வெள்ளி

பெரிய நாள். நிதானமாக எழுதுகிறேன்.

காலையில் ஹீலியம் மாற்றினேன். ஒரு சொட்டு வீணாகவில்லை. மேடம் கணினி முன் உட்கார்ந்தார். அவர்கள் குளிரை வேறு மாதிரி எண்ணுவார்கள். நாம் உட்கார்ந்திருக்கும் அறை முன்னூறு. அதற்குமேல் குளிரவே முடியாது என்ற இடம் சுழியம். முன்னூறிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தார். கோடு மேலே மேலே ஏறியது. குளிரக் குளிரத் தடை கூடுகிறது என்று அர்த்தம். ஐம்பது, இருபது, பத்து. ஏழுக்கு வந்ததும் கோடு சட்டென்று பாதிக்கு இறங்கியது.

மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அண்ணா, இறங்குது! அண்ணா!" என்று என் கையைப் பிடித்தார். கழுவிய கைதான். ஆனாலும் நான் இழுத்துக்கொண்டேன்.

சார் ஓடி வந்தார். பார்த்தார். உடனே ஹீலியம் வாயுவைத் திரும்பச் சேர்க்கும் பையின் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். அந்த வாயு உள்ளே போனால் குரல் மாறிவிடும். வாத்துக் குரலில், "வந்திருச்சு! வந்திருச்சு!" என்று கத்தினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். ஆராய்ச்சி மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் குழாயில் எச்சில் நூலாகத் தொங்கியது. அவர் போன பிறகு அதைத் துடைத்து மாட்டியவன் நான்தான்.

அடுத்து பாதுஷா வந்தது. டால்டா மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. கழிவறைக்குப் போய்த் துப்பினேன்.

ஜனவரி 13, சனி

பல் தேய்த்தும் வாய் டால்டாவாகவே இருக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பொங்கல் என்று நானே எழுதினேன். கோவிந்தம்மாளுக்குக் காட்டினேன். "எழுதினா போதுமா, வந்து பானையப் புடி" என்றாள்.

சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவில்லை. நெய் வாசனையே பிடிக்கவில்லை. மருந்துக் கடையில் ஜெலுசில் வாங்கினேன். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 18, வியாழன்

இன்று மேடம் என்னிடம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் ஏதோ கேட்கப் போகிறார்.

"அண்ணா, ஒரு விஷயம் உறுத்துது. ஈயமும் ஏழுலதான் மீகடத்தி ஆகும். பற்றவைக்கிற ஈயம்கூட அங்கதான்."

"அப்படியா மேடம்?"

"நம்ம கோடும் ஏழுல இறங்குது. நீங்க வெள்ளிப் பசை மட்டும்தானே வெச்சீங்க?"

"வேற இன்னா மேடம் வெப்பேன்?"

"இல்ல, கேட்டேன். முப்பது வருஷமா செய்றீங்க, உங்ககிட்ட இதைக் கேக்கறதே தப்பு." அவர் முகம் தெளிந்துவிட்டது. "இருந்தாலும் காந்தத்தைப் போட்டுப் பார்த்துடணும். ஈயம்னா காந்த பலம் ஆயிரம் காஸ் வந்தாலே இறக்கம் காணாம போயிடும். நம்ம ஏணின்னா அசையவே அசையாது."

அதற்காகச் சாரிடம் போனார். சார் அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

"காந்தமெல்லாம் அப்புறம் பார்க்கலாம்மா. மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப முப்பத்தொண்ணு கடைசித் தேதி. முதல்ல அனுப்பு. நாம யோசிச்சிக்கிட்டே இருந்தா வேற எவனாவது முந்திக்குவான்."

"ஒரு நாள் வேலைதான் சார்."

"காந்தத்தோட பவர் சப்ளையை அடுத்த குரூப் எடுத்துட்டுப் போயிருக்காங்கல்ல?"

பவர் சப்ளை கீழே மூன்றாம் அறையில்தான் இருக்கிறது. யாரும் தொடவில்லை. நேற்று நான்தான் அதைத் துடைத்தேன். எவ்வளவு அசிங்கமான பொய். கூசாமல் சொல்கிறார்.

நான் மேடத்திடம் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 22, திங்கள்

சார் மேடத்தை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு என்னை நுண்ணோக்கி அறைக்குக் கூப்பிட்டார். ஊசியைக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"என்ன பொன்னுரங்கம், இது இவ்ளோ பளபளன்னு இருக்கே?"

"வெள்ளி சார்."

"வெள்ளி காஞ்சா மங்கலா இல்ல இருக்கும்?"

 அவர் கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"வெள்ளிதான்," என்றார். "வெள்ளிதானே?"

"நீங்க சொன்னா சரி சார்."

ஊசியை டப்பாவில் போட்டுத் தன் அறை அலமாரியில் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கட்டுரைக் கடைசியில நன்றின்னு ஒரு இடம் இருக்கும். அதுல உன் பேரைப் போடறேன். எழுதப் படிக்கக் கத்துக்கிட்டியாமே?"

"ஆமா சார். இங்கிலீஷ்லயா போடுவீங்க?"

"பின்ன?"

"என்னால படிக்க முடியாதே சார்."

"உன் பேர்தானேப்பா. யாராவது காட்டினா தெரிஞ்சுக்கோ."

என் பெயர் அச்சில் வரும் என்றதும் எனக்குள் ஒரு துள்ளல் வந்தது. அதை மறைத்து எழுத முடியாது. வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோதுதான் அந்தத் துள்ளல் என்ன என்று தெரிந்தது. சோற்றில் கரப்பான் கிடந்தால் கையை உதறுவோமே, அப்படி உடம்பு முழுக்க உதறியது.

ஜனவரி 23, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. கோவிந்தம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பத்து நாளா துன்ன மாட்டேன்ற. வாயத் தொறந்தா அந்த சார் எச்சி, அந்த சார் நாத்தம். அந்தாளு உன் சோத்துலயா துப்பினாரு?"

"உனுக்குப் புரியாது."

"எனக்கு எதுக்குப் புரியணும்? நீ இன்னா பண்ணேன்னு உனுக்குப் புரிஞ்சா சரி."

ஒன்றும் சொல்லாமலே இவளுக்கு எப்படித் தெரிகிறதோ.

பத்தாம் தேதி நான் எழுதியது முழுதும் இல்லை. இப்போது எழுதுகிறேன். இதை எழுத மத்தியானம் முழுக்க ஆகிறது.

என் வலது கண்ணில் புரை. நுண்ணோக்கியில் பார்த்தால் கம்பி இரண்டாகத் தெரிகிறது. கையும் நடுங்குகிறது. போன ஆடியிலிருந்தே நடுங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கம்பி வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அன்று இரண்டு முறை விழுந்தது. மேடம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஒட்டிவிட வேண்டும் என்று பசைக்கு மேலே பற்றவைக்கிற ஈயத்தை வைத்து லேசாகச் சூடு காட்டினேன். ஈயம் வெள்ளியைத் தொட்டால் பிடித்துக்கொண்டு ஓடும். ஊசி மேலேயே ஓடிவிட்டது. பார்த்தேன். பார்த்துவிட்டு, நின்றதே என்று விட்டுவிட்டேன்.

மாதிரி மேல் ஈயம் வைக்கக் கூடாது. அந்த அறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அதைச் சொல்லுகிறவன் நான்தான்.

எழுதிவிட்டேன். படித்தேன். சாரின் எச்சில் பரவாயில்லை.

ஜனவரி 24, புதன்

இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று போனேன். மேடம் கைபேசியை நீட்டினார்.

"பாருங்கண்ணா, எங்க பிரின்சிபால் என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு!"

கல்லூரி வாசலில் பேனர். மேடத்தின் பெரிய படம். கீழே 'சாதனை' என்று இருந்தது. படித்தேன். இதற்கு முன்னால் நான் பேனர் எதையும் படித்ததில்லை, படத்தை மட்டும்தான் பார்ப்பேன்.

"சார்தான் அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கார். எனக்கு வெக்கமா இருக்கு. எங்க வீட்ல எல்லாரும் போய் அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டாங்க."

நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஜனவரி 25, வியாழன்

வாயால் சொல்ல முடியவில்லை. மேடம் முகத்தைப் பார்த்தால் வாய் வேறு எதையாவது சொல்லிவிடுகிறது. டீ குடிக்கிறீங்களா மேடம் என்று நான்கு தடவை கேட்டிருப்பேன்.

ஆய்வகத்தில் ஒரு பதிவேடு உண்டு. எந்த மாதிரி, என்ன தேதி, யார் கம்பி ஒட்டியது, எந்தக் குளிரில் என்ன நடந்தது, எல்லாம் அதில் இருக்கும். முழுக்க இங்கிலீஷ். பக்கத்துக்கு எண் அடித்திருக்கும், கிழிக்க முடியாது. முப்பத்தோரு வருடமாக அதைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துகூட அதில் என்னுடையது கிடையாது.

மேடம் சாப்பிடப் போன நேரத்தில் அதை எடுத்தேன். தேதி தெரியும், எண் எல்லாருக்கும் ஒன்றுதான். பத்தாம் தேதிக்குக் கீழே இடம் இருந்தது. எழுதினேன்.

'இந்த ஊசியில் வெள்ளி நிற்கவில்லை. நான் ஈயம் வைத்தேன். மேடத்துக்குத் தெரியாது. பொன்னுரங்கம்.'

எழுத்து கோணவில்லை. திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 26, வெள்ளி

குடியரசு தினம். லீவு. ஒரு நாள் இவ்வளவு நீளமாக இருக்குமா?

ஜனவரி 29, திங்கள்

நான் போனபோது சார் பதிவேட்டின் முன் நின்றுகொண்டிருந்தார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம்.

"யோவ், என்னய்யா இது?" சார் விரலால் அந்த வரியைத் தட்டினார். "பதிவேட்டுல கிறுக்கி வெச்சிருக்க? பேனாவை எடு. அடிச்சிடு. தப்பா எழுதிட்டேன்னு பக்கத்துல போட்டுடு."

"முடியாது சார்."

"என்ன முடியாது?"

"எழுதத்தான் சார் ஒன்றரை வருஷம் கத்துக் குடுத்தாங்க. அடிக்கக் கத்துக் குடுக்கல."

"வாயைப் பாரு! மார்ச்சோட உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

மேடம் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. சாரிடம் கையை நீட்டினார்.

"சாவி சார்."

"எதுக்கு?"

"ஊசியைப் பார்க்கணும். அதை ஏன் சார் உங்க அலமாரியில வெச்சீங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்."

"இருபத்திரண்டாம் தேதி என்னை எதுக்கு சார் நூலகத்துக்கு அனுப்புனீங்க? நீங்க கேட்ட புஸ்தகம் உங்க மேசை மேலதான் இருந்துச்சு."

சார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அந்த உதட்டோர நுரையைப் பார்த்தேன். இந்த முறை எனக்கு அதைப் பார்த்துக் கோபம் வரவில்லை. சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நான் கேட்டேன்ல? மூஞ்சிக்கு நேரா கேட்டேன்ல?"

"கேட்டீங்க மேடம். கண்ணுல புரை, கம்பி ரெண்டா தெரியுது. சொன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு சொல்லல."

"ஊரெல்லாம் பேனர். எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க. கண்ணு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? உங்க கௌரவத்துக்கு என் மூணு வருஷமா கெடைச்சிது?"

வெளியே வந்து குடுவையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஜனவரி 30, செவ்வாய்

ஹீலியம் மாற்றினேன். கீழிருந்து பவர் சப்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்து இணைத்தேன். மேடம் வேண்டியதைக் கையால் காட்டினார்.

ஏழில் கோடு இறங்கியது, பழையபடி. மேடம் காந்தத்தைக் கூட்டினார். ஐந்நூறில் இறக்கம் தள்ளிப் போனது. ஆயிரத்தில் இறக்கமே இல்லை. கோடு நேராக மேலே ஏறிப் போய்விட்டது.

அவர் அளவைக் கணினியில் சேமித்தார். பிறகு பதிவேட்டில் ஏதோ எழுதினார். பிறகு வெளியே போய், கதவை மூடிக்கொண்டு, கல்லூரிக்குப் போன் செய்தார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நின்றுகொண்டே பேசினார். இடையில் ஒருமுறை நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டார்.

நான் குழாயைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

ஜனவரி 31, புதன்

மாநாட்டுக்கு எதுவும் போகவில்லை. சார் லீவு. காய்ச்சலாம்.

பிப்ரவரி 1, வியாழன்

மேடம் புது ஊசி எடுத்தார். அவரே கம்பி ஒட்ட உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

கை ஆடியது. முதல் கம்பி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. ஊசி நார் நாராகப் பிளந்தது. வேறு ஊசி எடுத்தார். மூச்சை வெளியே விட்டு நிறுத்திக்கொண்டு வைத்தால் கை ஆடாது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கு அது உதவாமல் போய்த்தானே ஈயத்தை எடுத்தேன்.

ஒன்பதாவது தடவை நான்கும் நின்றன. மத்தியானம் மூன்றரை மணி ஆகிவிட்டது. அவர் சாப்பிடவில்லை. பசை காய்ந்து மங்கலானது.

"அண்ணா."

மூன்று நாளைக்குப் பிறகு அந்தச் சொல்.

"மீகடத்தல் இல்லைன்னா இல்லை. ஆனா காந்தம் இருக்கு. நூத்தியிருபது குளிர்ல அணுவெல்லாம் படி படியா அடுக்கிக்குதே, அது நிஜம். இரும்பைக் கூட்டினா அது எங்க நகருதுன்னு நம்ம நாட்டுல யாரும் ஒழுங்கா அளக்கல. நான் அதைப் பண்ணப் போறேன். ஜூனுக்குள்ள முடியுமான்னு தெரியாது."

"முடியும் மேடம்."

"நீங்க சொல்லாதீங்க." டப்பாவை மூடினார். "உங்களைப் பார்த்தாலே எரிச்சலா வருது. இனிமே கம்பியைத் தொடாதீங்க. போய்க் கண்ணை ஆபரேஷன் பண்ணிக்கோங்க."

"சரி மேடம்."

நான் படிக்கட்டு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு ஹீலியம் வேணும்."

பத்து மணிக்கு ஹீலியம் என்றால் நான் ஏழரைக்கே போக வேண்டும். குடுவையை முதலில் நைட்ரஜன் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். அதற்கே இரண்டு மணி நேரம் ஆகும். கோவிந்தம்மாளை ஆறு மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.